மேல்கணக்கு நர்சரி வந்ததும் போனதும்

அன்பு மகன் செல்வத்துக்கு,

நீ சொன்னபடி கண்டிக்குப் போய்த் திரும்பிவிட்டேன். புரொபசர் மாத்தையாவின் கடிதம் கிடைக்கவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கொழும்பில் அந்தக் கடையில் பருப்பு மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்துகொண்டு, தபால்காரன் வரும்போதெல்லாம் நீ வாசலைப் பார்ப்பாய் என்று எனக்குத் தெரியும். பக்கம் பக்கமாக எழுதி ஆசைகாட்டிவிட்டுக் கடைசியில் இல்லை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

நீலகிரியில் தேயிலைக் கம்பெனிகளும் ஒரு கல்லூரியும் சேர்ந்து ஆராய்ச்சிக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று எழுதியிருந்தாய். பட்டம் இருந்தாலும் பரீட்சைப் புள்ளி இருந்தாலும், உன்னை நன்றாக அறிந்த பெரிய மனிதர் ஒருவர் உனக்காக எழுதித் தரவேண்டும் என்று கேட்கிறார்கள் என்றும் எழுதியிருந்தாய். அதற்குக் கீழேயே, "இது நம்ம தோட்டம் மாதிரி இல்லம்மா, அங்க ரெண்டு பக்கமும் ஒப்பந்தம் போட்டுக் கையெழுத்து வச்சிருக்காங்க, ஒருத்தர் நெனச்சா கைவிட முடியாது" என்று எழுதியிருந்தாய். அந்த இரண்டையும் நான் திரும்பத் திரும்பப் படித்தேன். அவ்வளவு உறுதியான ஒப்பந்தம் இருக்கிற இடத்தில் உன்னை யாருக்குத் தெரியும் என்று ஏன் கேட்கிறார்கள், ராசா? நீ அதை யோசித்ததாகத் தெரியவில்லை.

நம் தோட்டத்து நர்சரியின் கதை உனக்குப் பாதிதான் தெரியும். அது வந்தபோது நீ ஹட்டனில் போர்டிங்கில் இருந்தாய். அது போனபோது பல்கலைக்கழகத்தில் இருந்தாய். மீதிப் பாதியை நீயே சேர்த்துக்கொண்டாய். வெள்ளைக்காரத் துரையின் திமிர், புரொபசரின் கோழைத்தனம், நமக்குப் பிரஜாவுரிமை இல்லாத குறை, இந்த மூன்றையும் வைத்து உன் கூட்டாளிகளிடம் கதை சொல்கிறாய் என்று கேள்விப்பட்டேன். கடைசிக் குறை உண்மைதான். மற்றபடி நடந்தது வேறு. நான் பக்கத்தில் இருந்து பார்த்தவள். உன்னைப் போலப் படித்துவிட்டு வழி தெரியாமல் நிற்கிற அந்தப் பிள்ளைகளுக்கும் இதைப் படித்துக்காட்டு.

புரொபசர் முதன்முதலில் நம் தோட்டத்துக்கு வந்தது ஒரு மழைக்காலத்தில். கண்டிப் பக்கம் பல்கலைக்கழகம் புதிதாக வந்திருந்த சமயம். தேயிலையில் கொப்புள நோய் பிடித்து, மழை மாதங்களில் கொழுந்தெல்லாம் அம்மை போட்ட மாதிரி வெளுத்துச் சுருண்டு கிடந்த காலம் அது. கொழுந்து இல்லாவிட்டால் வேலை நாள் குறையும். வேலை நாள் குறைந்தால் நம் லயத்து வீடுகளில் அடுப்பு எரிவதும் குறையும். அந்த நாள் கஞ்சியைக் குடித்து வளர்ந்த உனக்கு நான் சொல்லவேண்டியதில்லை. அந்த நோய் பிடிக்காத செடிகளைத் தேடித் தோட்டம் தோட்டமாக அலைந்துகொண்டிருந்தார் புரொபசர். நம் பெரியதுரை அவரை ஆபீஸ் வாசலிலேயே நிற்கவைத்துப் பேசி அனுப்பிவிட்டார். கம்பெனிக்குச் சொந்தமாக ஆராய்ச்சி ஆட்கள் இருக்கிறார்கள், பல்கலைக்கழகத்து ஆள் யாரும் தேவையில்லை என்று சொன்னதாக ஆபீஸ் கிளாக்கர் பின்னால் என்னிடம் சொன்னார்.

புரொபசர் அன்றைக்குத் தனியாக வரவில்லை. காரில் நாங்கள் நோனா என்று கூப்பிடுகிற அவருடைய மனைவியும் இருந்தாள். ஹட்டனில் இருக்கும் அக்கா வீட்டில் அவளைப் பிரசவத்துக்கு விடுவதற்காகப் போகிற வழியில்தான் தோட்டத்துக்குள் திரும்பியிருக்கிறார். திரும்பிப் போகும்போது பங்களாவுக்குக் கீழே இருக்கிற வளைவில் கார் சறுக்கிப் பாதையோரத் தண்ணீர்க் காணுக்குள் இறங்கிவிட்டது. பெரிய அடி ஒன்றும் இல்லை. ஆனால் அந்த அதிர்ச்சியில் நோனாவுக்கு வலி கண்டுவிட்டது. அதற்குள் கீழே மண் சரிந்து பாதையும் அடைபட்டுப்போனது. டிஸ்பென்சரியில் மருத்துவச்சியாக இருந்த என்னைக் கூப்பிட ஆள் ஓடிவந்தான். நான் போனபோது நோனாவைத் துரையின் பங்களாவில், விருந்தாளி அறைக் கட்டிலில் கிடத்தியிருந்தார்கள்.

துரை கதவோரம் என்ன செய்வதென்று தெரியாமல் நின்றார். "தொர, நீங்க வெளிய இருங்க" என்றேன். வராந்தாவுக்குப் போய்விட்டார். அவர் மனைவி துரைசாணி போகவில்லை. கட்டிலோரம் மண்டியிட்டு நோனாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். அவளுக்குப் பிள்ளை தங்கவில்லை என்பதும், பிறந்த ஒன்றும் உயிரில்லாமல் பிறந்து வெள்ளைக்காரர் கோயில் தோட்டத்தில் புதைத்தார்கள் என்பதும் தோட்டத்தில் எல்லோருக்கும் தெரியும். பிற்பகல் முழுவதும் அவள் அந்தக் கையை விடவில்லை. பொழுது சாயும் நேரத்தில் பிள்ளை பிறந்தது. கழுத்தில் கொடி சுற்றியிருந்தது. அழவில்லை. நான் கொடியை எடுத்துவிட்டு, வாயைத் துடைத்து, முதுகைத் தட்டி, என் மூச்சைக் கொடுத்து, மறுபடியும் தட்டினேன். துரைசாணி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசியில் அது அழுதபோது அவள் தரையில் உட்கார்ந்து வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். பெற்றவள்கூட அப்படி அழவில்லை.

வெளியே வராந்தாவில் இரண்டு ஆண்களும் மதியத்திலிருந்து ஒன்றாக உட்கார்ந்திருந்தார்கள். வாசலில் துரத்திவிட்ட மனிதரை வேறு வழியில்லாமல் உட்காரவைத்த துரை, பேச்சுக்கு வேறொன்றும் கிடைக்காமல் கொப்புள நோயைப் பற்றிக் கேட்டிருக்கிறார். நான் வெளியே வந்து, "பொம்பளப் புள்ளங்க. தாயும் புள்ளையும் சொகம்" என்றபோது, துரை எழுந்து புரொபசரின் கையைப் பிடித்தார். அந்தக் கையைப் பிறகு அவர் ஏழு வருஷம் விடவில்லை.

பாதை திறந்த பிறகும் துரைசாணி நோனாவை அனுப்பவில்லை. தாயும் பிள்ளையும் தேறும்வரை பங்களாவிலேயே இருந்தார்கள். அவர்கள் புறப்படுவதற்கு முன்பே தோட்டத்தின் உச்சிப் பிரிவான மேல்கணக்கில் ஒரு துண்டு நிலம் நர்சரிக்கென்று ஒதுக்கப்பட்டுவிட்டது. கம்பெனியும் பல்கலைக்கழகமும் கூட்டாகச் செய்கிற ஆராய்ச்சி என்று பின்னால் பலகை எழுதி மாட்டினார்கள். விருந்தாளிகள் வந்தால் அந்தப் பலகைக்குப் பக்கத்தில் நின்று படம் பிடித்துக்கொள்வார்கள். அதைத் தாண்டிப் போகும்போதெல்லாம் எனக்கு அந்தக் கட்டில்தான் ஞாபகம் வரும்.

உங்கப்பாவை அந்த நர்சரிக்குக் கங்காணியாகப் போட்டார்கள். நோய் குறைவாகப் பிடித்த செடிகளைப் புரொபசர் மழையில் நனைந்து நனைந்து தேர்ந்தெடுத்து, துண்டு வெட்டிக் கொடுப்பார். உங்கப்பா அவற்றைக் கூடைமண்ணில் ஊன்றி, கெம்பாப் பன்னத் தழை போட்டு நிழல் கட்டி, பிள்ளை மாதிரிப் பார்த்துக்கொண்டார். பாதிக்கு மேல் செத்தன. மிச்சத்தை மறுபடி நோய்க்குக் காட்டி, தாங்கியதை மட்டும் வைத்து மறுபடி துண்டு வெட்டினார்கள். வருஷங்கள் ஓடின. "இது நாளைக்கு மல முழுக்க நிக்கும் புள்ள. மழக்காலத்துலயும் கொழுந்துக் கூடை நெறையும்" என்பார் உங்கப்பா. அவர் அதிகம் பேசுகிறவர் இல்லை என்று உனக்குத் தெரியும். அந்த நர்சரியைப் பற்றி மட்டும் பேசுவார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் புரொபசர் குடும்பம் பங்களாவில் சாப்பிடும். விடுமுறை என்றால் பிள்ளை நிர்மலா அங்கேயே தங்கிவிடுவாள். துரைசாணி அவளுக்கென்று ஓர் அறையே வைத்திருந்தாள். நர்சரிக்கு என்ன வேண்டுமானாலும் அந்தச் சாப்பாட்டு மேசையில்தான் தீர்மானமாகும். ஆட்கள் போதவில்லை என்றால் அடுத்த திங்கட்கிழமை காலை வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டில் ஆட்கள் கூடுவார்கள். மண்ணைப் பற்றிப் படித்த ஒரு லெக்சரரைப் புரொபசர் ஒருமுறை கூட்டிவந்தார். நீயும் அவரிடம் படித்திருக்கிறாய். கூச்ச சுபாவம் உள்ள மனிதர். மேசையில் வாய் திறக்கவில்லை, போகும்போது துரைசாணியிடம் சொல்லிக்கொள்ளவும் மறந்துவிட்டார். அதற்குப் பிறகு அவருக்கு அழைப்பு வரவில்லை. மேல்கணக்கு மண்ணைப் பற்றி அவர் சொன்னது சரியா தவறா என்று யாரும் பார்க்கவும் இல்லை.

உன் வேலையும் அந்த மேசையில் கிடைத்ததுதான், செல்வம். இதைச் சொன்னால் உனக்குக் கோபம் வரும். நீ கெட்டிக்காரன், இரவும் பகலும் படித்தவன், அதில் யாருக்கும் சந்தேகமில்லை. பட்டம் வாங்கினாய். பிரஜாவுரிமை இல்லாதவன் என்று அரசாங்க வேலைக் கதவெல்லாம் மூடிக்கிடந்தது. அப்போது புரொபசர் சோற்றைப் பிசைந்துகொண்டே உன் பேரைச் சொன்னார். துரை கம்பெனியின் கொழும்புக் கந்தோருக்கு எழுதினார். கம்பெனிச் சம்பளத்தில் நீ பல்கலைக்கழகத்தில் புரொபசருக்கு உதவியாளன் ஆனாய். லயத்துப் பையன் வெள்ளைக் கோட்டுப் போட்டு நிற்கிற படத்தை உங்கப்பா நர்சரிக் கொட்டிலில் மாட்டிவைத்திருந்தார். நிர்மலா அன்றைக்கு அந்தப் பங்களாவில் பிறக்காதிருந்தால் அந்தப் படமும் இல்லை.

துரை ஓய்வுபெற்றுச் சீமைக்குப் போகிற காலம் வந்தது. செடிகளும் நடுகிற பருவத்துக்கு வந்திருந்தன. துரை தன் நாட்டுக்குப் போனதும் கம்பெனி முதலாளிகளை நேரில் பார்த்து, மலைச்சரிவு முழுவதும் இந்தச் செடியை நடவும், பல்கலைக்கழகத்தில் ஓர் ஆராய்ச்சிக்கூடம் கட்டித்தரவும் பேசுவதாக இருந்தார். அந்த ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டில் அதைத்தான் பேசிக்கொண்டிருந்தார்கள். அதே மேசையில் துரைசாணி கேட்டாள், நிர்மலாவை எங்களோடு அனுப்புங்கள், அங்கே நல்ல பள்ளிக்கூடத்தில் சேர்த்து எங்கள் பிள்ளையாக வளர்க்கிறோம் என்று. இரண்டையும் யாரும் சேர்த்து முடிச்சுப்போடவில்லை. இதைக் கொடுத்தால் அது கிடைக்கும் என்று அந்த மனுஷி ஒருநாளும் சொல்லக்கூடியவள் இல்லை. ஆசையில் கேட்டாள், அவ்வளவுதான். ஆனால் ஒன்றை மறுத்தால் மற்றது நிற்காது என்று மேசையில் இருந்த நாலு பேருக்கும் தெரியும். புரொபசர், யோசித்துச் சொல்கிறேன் என்றார்.

மறுநாள் காலையில் நோனா பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு டிஸ்பென்சரிக்கு நடந்தே வந்தாள். நிர்மலாவை வெளி வாங்கில் உட்காரவைத்துவிட்டு உள்ளே வந்து கதவைச் சாத்தினாள். எங்களுக்குள் எப்போதும் சிங்களத்தில்தான் பேச்சு.

"அவர் யோசிக்கிறார் அம்மா" என்றாள். "முடியாதுன்னு சொல்ல அவருக்கு வாய் வரலை. நர்சரி போயிடும்னு பயப்படுறார்."

"நீங்க என்னா நெனைக்கிறீங்க நோனா?"

"எனக்குத் தலை சுத்துது. பிள்ளைக்கு நல்லதுதானேன்னு அவர் சொல்றார். நல்லதாவும் இருக்கலாம். இவளை முதல்ல கையில எடுத்தது நீங்க. உங்க பிள்ளைன்னா குடுப்பீங்களா?"

அந்த நேரத்தில் நீ பல்கலைக்கழகத்தில் இருந்தாய். உங்கப்பா மேலே நர்சரியில் இருந்தார். என் பதிலில் என்னவெல்லாம் தொங்குகிறது என்று எனக்குத் தெரியாமல் இல்லை. நான் அவளைச் சமாதானப்படுத்தியிருக்கலாம், பெரிய இடம், படிப்பு, வசதி என்று நாலு வார்த்தை சொல்லியிருக்கலாம். அவள் அந்த வார்த்தைகளை எதிர்பார்த்து வந்தவள் மாதிரியும் இருந்தாள்.

"குடுக்க மாட்டேன் நோனா" என்றேன். "என்னா போனாலும் குடுக்க மாட்டேன்."

அவள் என் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு பங்களாவுக்குத் திரும்பாமல், பிள்ளையைக் கூட்டிக்கொண்டு அப்படியே றொசல்ல ஸ்டேஷனுக்கு இறங்கிவிட்டாள். அவளுடைய பெட்டியைப் பின்னால் பங்களா ஆள் கொண்டுபோய்க் கொடுத்தான். பிறகு அவள் தோட்டத்துக்கு வரவேயில்லை.

நான் தப்புச் செய்துவிட்டேன் என்று சொல்வதற்காக இதை எழுதவில்லை. இன்றைக்குக் கேட்டாலும் அதே பதிலைத்தான் சொல்வேன். ஆனால் அந்தப் பதில் உன் தலையில்தான் விழுந்தது. அதை நீ தெரிந்துகொள்ள வேண்டும்.

துரைசாணி அறைக்குள் போய்ப் படுத்துக்கொண்டாள். சாப்பாடு திரும்பித் திரும்பி வந்தது. துரை யாரிடமும் கோபப்படவில்லை. உங்கப்பாவைக் கூப்பிட்டு, "கங்காணி, நர்சரி எடுத்துடு. மானாப்புல் போடு" என்றார்.

"செடியெல்லாம் நடுற பதத்துல இருக்குங்க தொர" என்றார் உங்கப்பா. "நம்ம கீக்கணக்குலயாச்சும் கொண்டுபோயி நட்டுர்றேங்க."

"வேணாம். தொரசாணி ஜன்னல்ல அது தெரியுது. புள்ள அங்கதான் வெளையாடும். என்னால பாக்க முடியாது கங்காணி."

திமிர் என்று நீ சொல்கிறாயே, அது இதுதான். அந்த மனிதரின் கண்ணெல்லாம் வீங்கியிருந்தது என்று உங்கப்பா சொன்னார். திமிராக இருந்திருந்தால் எதிர்த்துப் பேசியிருப்பேன் என்றும் சொன்னார். ஆட்களை வைத்துச் செடிகளைப் பிடுங்கிக் குவித்தார்கள். பலகையையும் கழற்றினார்கள். உங்கப்பா வீட்டுக்கு வந்து கையைக் கழுவிவிட்டு உட்கார்ந்தார். சோறு போட்டேன். தொடவில்லை. "வேரு நல்லாப் புடிச்சிருந்துச்சு புள்ள" என்றார். அதற்குப் பிறகு அதைப் பற்றி அவர் பேசவில்லை.

புரொபசர் வேறு தோட்டங்களில் கேட்டுப் பார்த்தார். துரைமார் கிளப்பில் அதற்குள் கதை வேறுவிதமாகப் பரவியிருந்தது. துரைசாணியை அவமானப்படுத்தியவர், நன்றி கெட்டவர் என்று. ஒரு கதவும் திறக்கவில்லை. அவர் நம் வீட்டுக்கு ஒரேயொரு தடவை வந்தார். லயத்துக் காம்பராவில் குனிந்து நுழைந்து, உங்கப்பாவுக்கு எதிரே பலகையில் உட்கார்ந்தார். "நான் யோசிச்சுச் சொல்றேன்னுதான் சொன்னது" என்றார் தமிழில். "குடுக்கிறேன்னு சொல்ல இல்ல." நான் கொடுத்த தேத்தண்ணியைக் குடித்துவிட்டு எழுந்து போய்விட்டார். அவர் கோழை இல்லை, செல்வம். ஒரு பக்கம் தன் பிள்ளை, மறுபக்கம் தன் உழைப்பு முழுவதும். அந்த இரண்டுக்கும் நடுவே ஒரே ஒரு ராத்திரி தடுமாறினார்.

உதவியாளன் இனித் தேவையில்லை என்று கொழும்புக் கந்தோர் எழுதியதும் நீ பெட்டியோடு வந்து இறங்கினாய். துரையும் துரைசாணியும் கப்பலேறினார்கள். புதிதாக வந்த துரைக்கு மேல்கணக்கில் ஏன் மானாப்புல் நிற்கிறது என்று கேட்கவும் தோன்றவில்லை. உங்கப்பா செடிக்குக் கவ்வாத்து வெட்டுகிற மலையில் கத்தி பிடித்தார். நெஞ்சுச்சளி கட்டி அவர் போனபோது நீ கொழும்பிலிருந்து வந்து சேருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

இப்போது கண்டிச் சங்கதிக்கு வருகிறேன். நோனா என்னைப் பார்த்த உடனேயே அடையாளம் கண்டுகொண்டாள். இரண்டு கையையும் பிடித்து உள்ளே கூட்டிப்போனாள். ஒரு பள்ளிக்கூடத்தில் படிப்பித்துக்கொடுக்கிறாள். வீட்டில் அவளும் நிர்மலாவும் மட்டும். புரொபசர் வெளிநாட்டில் ஏதோ ஒரு பல்கலைக்கழகத்துக்குப் போனவர், போனவர்தான். மகளுக்கு மட்டும் கடிதம் வருமாம். நான் வந்த விஷயத்தைச் சொன்னேன்.

"அவரோட நான் பேச்சு விட்டு வருஷக்கணக்காச்சு அம்மா" என்றாள். "அன்னைக்கு அவர் யோசிச்சாரே, அதை என்னால மறக்க முடியலை. விலாசம் வேணும்னா தரேன். எழுதிப் பாருங்க. ஆனா அந்தத் தோட்டத்துப் பேரைப் பார்த்தாலே அவர் கடிதத்தை மூடிடுவார். எங்க அண்ணன் ஒருதரம் எழுதிப் பார்த்துட்டார்." பிறகு, "நானே எழுதித் தரட்டுமா?" என்று கேட்டுவிட்டு அவளே தலையை ஆட்டிக்கொண்டாள். "என்னை யாருக்குத் தெரியும்?"

நிர்மலா பள்ளிக்கூடத்திலிருந்து வந்தாள். நெடுநெடுவென்று வளர்ந்திருக்கிறாள். என்னைக் கும்பிட்டாள், தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தாள், பக்கத்து அறைக்குப் படிக்கப் போய்விட்டாள். நான் யாரென்று அவளுக்குத் தெரியவில்லை. நோனா கதவைப் பார்த்துக்கொண்டே குரலைத் தாழ்த்தி, "அவளுக்கு ஒண்ணும் தெரியாது. தெரியவும் வேணாம். தன்னாலதான் இவ்வளவும்னு நினைச்சுக்குவா" என்றாள். நான் விலாசத்தை வாங்கிக்கொள்ளவில்லை. எழுந்து வந்துவிட்டேன். ரயிலில் வழி முழுவதும் உன்னிடம் எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டு வந்தேன்.

பெற்றவள் எழுதுகிற கடிதத்தில் புத்திமதி இருக்கவேண்டும் என்று நீ எதிர்பார்ப்பாய். என்னிடம் ஒன்றும் இல்லை, ராசா. பெரிய மனிதர்களோடு நெருங்காதே என்று சொன்னால் உனக்கு வேலையே கிடைக்காது. நெருங்கு என்று சொன்னால், அவர்கள் வீட்டுச் சிரிப்பும் அழுகையும் உன் செடியின் வேர்வரைக்கும் இறங்கும். கம்பெனியும் பல்கலைக்கழகமும் கைகோத்தால் நாட்டுக்கே விடிவு வரும் என்று புரொபசர் சொல்லுவார். கைகோத்தது நாலு மனிதர்கள். அவர்கள் நல்லவர்கள். கெட்டவன் ஒருவன் இருந்திருந்தால் அவனைத் திட்டியாவது என் மனம் ஆறியிருக்கும். ஒருவரும் கெட்டவர் இல்லாமலே ஒரு மலைக்கு வரவேண்டிய செடி குவியலாகக் கிடந்து காய்ந்தது. இதை வைத்துக்கொண்டு நான் உனக்கு என்ன சொல்லட்டும்?

நீலகிரிக்கு விண்ணப்பத்தை அனுப்பு. உன்னை அறிந்தவர் யார் என்று கேட்கிற இடத்தை அப்படியே விட்டுவிடு. பொய்யாக ஒரு பேரை எழுதாதே. பதில் வரும் என்று எனக்கு நம்பிக்கை இல்லை, வரும் என்று எழுதி உன்னை ஏமாற்றவும் மாட்டேன். வந்து, நீ போவதாக இருந்தால், போவதற்கு முன் இங்கே வந்து என் கையால் ஒருவேளை சாப்பிட்டுவிட்டுப் போ. என்னையும் அங்கே கூப்பிடாதே. இந்த மலையில் இன்னும் பிள்ளைகள் பிறந்துகொண்டுதான் இருக்கின்றன, அவற்றை வாங்க ஒரு கை வேண்டும். அவை வளர்ந்து எங்கே போகும் என்று இப்போதெல்லாம் நான் யோசிப்பதில்லை.

அம்மா